வெளிவராத கேமைக் குறை சொல்லலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, நவம்பர் 7, 2025

“ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்ற வீடியோ கேம் தொடரின் அடுத்த பாகம்) மறுபடியும் தள்ளிப்போனதிலிருந்து திறந்த பக்கமெல்லாம் வசையாக இருக்கிறது. இன்னும் யாரும் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு கேமை வாய்க்கு வந்தபடி திட்டுபவர்கள் ரசிகர்களே அல்லர் என்பது என் கருத்து. வெளிவரும் வரை அமைதியாக இருந்து, விளையாடிப் பார்த்த பிறகு பேசுவதுதானே முறை?”

நவம்பர் 7, இரவு

இதில் பாதியை ஏற்கிறேன்; மறுபாதியை ஏற்க முடியவில்லை. 2023 டிசம்பரில், அதை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் முதல் டிரெய்லரை வெளியிட்டபோது அதன் முடிவில் 2025 என்று ஆண்டு மட்டும் இருந்தது. இந்த ஆண்டு மே மாதம் அது 2026 மே 26 ஆயிற்று. நேற்று 2026 நவம்பர் 19 ஆகியிருக்கிறது. முந்தைய பாகம் வந்தது 2013 செப்டம்பரில். அன்று பள்ளியில் படித்தவர்கள் இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு காலம் காத்திருந்தவர்களிடம் மனம் வருந்தக்கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் வருத்தம் வேறு, ‘எங்களை ஏய்த்துவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டு வேறு. முன்பதிவே இன்னும் தொடங்காத நிலையில், தேதி மாறியதால் யாருடைய பணமும் போகவில்லை. நேற்றிரவு நான் பொறுப்பாளராக இருக்கும் ரசிகர் குழுவில் செய்திகள் எப்படி மாறிக்கொண்டே போயின என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் உடைந்துபோன இதயங்களும் அழுமுகங்களும் வந்தன. பிறகு மீம்கள். நள்ளிரவை நெருங்கும்போது, ‘கேமே தயாராக இல்லை, பங்குச் சந்தைக்காக நாடகம் ஆடுகிறார்கள்’ என்ற ஊகங்கள். அதற்கும் பிறகு, ராக்ஸ்டாரில் வேலை செய்யும் ஒருவருடைய சொந்தக் கணக்கின் முகவரியைக் கொண்டுவந்து போட்டு, ‘இவரிடமே கேளுங்கள்’ என்றார் ஒருவர். அதை நீக்கினேன். முதல் மூன்றும் ரசிகர்கள் செய்வதுதான். நான்காவதை எந்தக் காரணம் சொன்னாலும் நியாயப்படுத்த முடியாது.

‘விளையாடிய பிறகுதான் பேச வேண்டும்’ என்பதற்கு விரிவான பதில் வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 8

அதற்கு முன், ஒத்திவைப்பு என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சில ஆண்டுகள் ஒரு கேம் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் நேரில் கண்டதைச் சொல்கிறேன்.

தேதி நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில் எங்கள் கேமில் ஒரு பக் (நிரல் பிழை) இருந்தது. கதாபாத்திரம் ஏணியில் ஏறிக்கொண்டிருக்கும்போது சேவ் செய்துவிட்டு மறுபடி திறந்தால், அது தரையைத் தாண்டிக் கீழே விழுந்துகொண்டே இருக்கும். எல்லா நேரமும் இல்லை, மழை பெய்யும் காட்சிகளில் மட்டும். தேடிப் பார்த்ததில், மழைக் காட்சி மெமரியில் ஏறுவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதால், தரை வந்து சேரும் முன்பே கதாபாத்திரம் வந்து நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. தரை வரும் வரை கதாபாத்திரத்தை நிறுத்திவைக்கும்படி மாற்றினார்கள். ஏணி சரியாயிற்று, ஆனால் லிஃப்டுக்குள் சேவ் செய்தவர்கள், லிஃப்ட் மேலே போன பின்னும் அந்தரத்திலேயே நின்றார்கள். இப்படி ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு, ஏற்கெனவே சரியாக இருந்தவற்றையும் மறுபடி சோதித்தாக வேண்டும். கடைசி வாரங்களில் பக் பட்டியல் குறைவதற்குப் பதிலாக வளர்ந்துகொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு, ஒத்திவைப்பு அறிவிப்பு எப்பேர்ப்பட்ட ஆறுதல் என்று புரியும்.

அதே நாளில் வெளியே வசை கொட்டும். அதைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்பவர் நிறுவனத்தின் சமூக ஊடகக் கணக்கைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர். தேதியை முடிவு செய்த கூட்டத்துக்கு அவரை அழைத்திருக்கவே மாட்டார்கள்.

நவம்பர் 9

“சைபர்பங்க் 2077 மூன்று முறை தள்ளிப்போயும் பழுதோடுதானே வந்தது? ஒத்திவைப்பால் என்ன பயன்?” என்று எழுதியிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. முதல் நாள் நான் பாக்கி வைத்த பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் அந்தக் கேமை அறிவித்தது 2012இல். முதலில் குறித்த தேதி 2020 ஏப்ரல் 16. அது செப்டம்பர் 17, நவம்பர் 19 என்று நகர்ந்து டிசம்பர் 10இல் போய் நின்றது. கடைசி ஒத்திவைப்புதான் ரசிகர்களைக் கொதிக்க வைத்தது, ஏனெனில் அக்டோபர் தொடக்கத்திலேயே கேம் ‘கோல்டு’ ஆகிவிட்டது, அதாவது வட்டில் பதிக்கத் தயாராகிவிட்டது என்று அறிவித்திருந்தார்கள். அதே மாதம் 27ஆம் தேதி இன்னும் 21 நாள் வேண்டும் என்றார்கள். உடனே அங்கு வேலை பார்த்தவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. மூத்த வடிவமைப்பாளர் ஒருவர், உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் மிரட்டலை ஏற்க முடியாது, நாங்களும் உங்களைப் போன்ற மனிதர்கள்தாம் என்ற பொருளில் பொதுவெளியில் எழுத வேண்டிய நிலை வந்தது. வெறும் மூன்று வாரத் தாமதத்துக்கு.

இப்போது மறுபக்கம். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கணினிப் பதிப்பு மட்டுமே. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற பழைய கன்சோல்களில் (டிவியில் இணைத்து விளையாடும் கருவிகள்) கேம் எப்படி ஓடுகிறது என்று காட்டுங்கள் எனச் சிலர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதே எதிர்மறையாகப் பேசாதீர்கள்’ என்று அவர்களுடைய வாயை அடைத்தவர்கள் சக ரசிகர்கள்தாம். வெளியான நாளுக்குள் 80 லட்சம் முன்பதிவுகள் நடந்திருந்தன. பழைய கன்சோல்களில் அந்தக் கேம் தடுமாறியதும், முகங்கள் மங்கலாகத் தெரிந்ததும், பாதியில் நின்றுபோனதும் நமக்குத் தெரியும். ஒரு வாரத்தில், பிஎஸ்4ஐத் தயாரித்த சோனி தன் டிஜிட்டல் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது.

அந்த ஆண்டு முழுவதும் கேட்கப்பட்டவற்றில் வாங்குபவருக்கு மிகப் பயன்பட்டிருக்கக்கூடிய கேள்வி, அடக்கப்பட்ட அந்தக் கேள்விதான். ஆகவே என் நிலை இது: ஒரு நிறுவனம் பணம் வாங்கத் தொடங்கிய நொடியிலிருந்து, காட்டியதைப் பற்றியும் காட்ட மறுப்பதைப் பற்றியும் கேட்கும் உரிமை வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. அதற்கு விளையாடிப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. தேதி மாறியதற்காக ஒரு மனிதரை மிரட்டும் உரிமை பணம் கொடுத்தவருக்கும் கிடையாது.

ஒத்திவைப்பால் பயன் உண்டா என்பதற்கு: தேவைப்பட்டது மூன்று வாரமாக இருந்திருக்கவில்லை என்பதைப் பிறகு வந்த அப்டேட்கள் காட்டின. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அதை விளையாடியவர்கள், இது ஏன் முதலிலேயே இப்படி வரவில்லை என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

நவம்பர் 10

நேற்று ஒன்றைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டால் கணக்கு ஒருதலைப்பட்சமாகிவிடும். அதே சைபர்பங்கில் வேகமாக ஒளி மின்னும் ஒரு காட்சி இருந்தது. வெளியீட்டுக்கு முன்பே விளையாடிய பத்திரிகையாளர் ஒருவர், தனக்கு அதனால் வலிப்பு வந்ததாகவும், வலிப்பு நோய் உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் எழுதினார். கேமைக் காப்பாற்றப் புறப்பட்ட சிலர், வலிப்பைத் தூண்டக்கூடிய மின்னும் வீடியோக்களை அவருக்கே அனுப்பினார்கள். நிறுவனம் அந்தக் காட்சியை மாற்றியமைத்தது. இணையக் காழ்ப்பு என்றதும் நாம் ஏமாந்தவர்களின் கோபத்தை மட்டும் நினைக்கிறோம். அபிமானிகள் செய்யும் கொடுமை அதற்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

நவம்பர் 12

தண்ணீர்க் குட்டை விவகாரத்தை நினைவுபடுத்திய வாசகருக்கு நன்றி. அறியாதவர்களுக்காக: இன்சோம்னியாக் நிறுவனத்தின் ஸ்பைடர்மேன் கேம் 2018 செப்டம்பர் 7 அன்று வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2017இல் காட்டிய காட்சியின் ஒரு படத்தையும், அதே இடத்தின் புதிய படத்தையும் ஒருவர் அருகருகே வைத்தார். பழையதில் கட்டுமானத் தளத்தின் தரை முழுவதும் தண்ணீர் தேங்கி, அதில் வெளிச்சம் பளபளத்தது. புதியதில் குட்டை சுருங்கியிருந்தது, ஒளியும் வேறு மாதிரி விழுந்தது. உடனே, தரத்தைக் குறைத்துவிட்டார்கள், ஏமாற்றிவிட்டார்கள் என்று பெரும் கூச்சல். குட்டையின் அளவை மட்டும்தான் மாற்றினோம், தரக்குறைப்பு எதுவும் இல்லை என்று நிறுவனத்தார் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னார்கள். கேம் வந்தது, நகரத்தின் குறுக்கே வலைவீசிப் பறப்பதில் மனம் லயித்துப்போன எவரும் குட்டையைத் தேடிப் போகவில்லை. பிறகு வந்த ஒரு அப்டேட்டில், போட்டோ மோடில் (கேமுக்குள்ளேயே படம் எடுக்கும் வசதி) ஒட்டிக்கொள்ளும்படி குட்டைகளையே ஸ்டிக்கர்களாகக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு படங்களையும் நானும் வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். புதிய செய்தி எதுவும் இல்லாத காலத்தில் ஒரு படத்தைப் பத்து முறை பார்த்தால், பதினொன்றாவது முறை அதில் ஒரு குறை கண்ணில் படாமல் போகாது. ஓடும் கேமில் அந்த இடத்தை ஒரு நொடியில் தாண்டிப் போய்விடுவோம்.

நவம்பர் 13

குட்டையைப் பற்றி எழுதியதை இன்று திரும்பப் படித்தபோது, ரசிகர்களின் சந்தேகம் வெறும் பொழுதுபோக்கு என்பதுபோல் தொனிக்குமோ என்று தோன்றியது. அந்தச் சந்தேகத்துக்குப் பழைய வரலாறு உண்டு. 2005இல் கில்ஸோன் 2 என்று காட்டப்பட்ட வீடியோ, கன்சோலில் ஓடிய கேமே இல்லை, முன்கூட்டியே தயாரிக்கப்பட்ட படம். 2012இல் வாட்ச் டாக்ஸ் காட்டிய நகரத்தின் ஒளியும் காற்றும் புகையும், 2014 மே மாதம் கடைக்கு வந்த வாட்ச் டாக்ஸில் இல்லை. இப்படிப் பலமுறை சூடுபட்டவர்கள்தாம் குட்டையை அளந்து பார்க்கிறார்கள். அவர்களை அப்படி ஆக்கியதில் விளம்பரத் துறைக்குப் பெரும் பங்கு உண்டு.

எனவே குழுவில் ஒரு பதிவை விடுவதா நீக்குவதா என்று முடிவெடுக்க நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதற்குப் பதில் சொல்ல முடியுமா? ‘ஒளி ஏன் மாறியிருக்கிறது?’ என்பதற்குப் பதில் உண்டு. ‘சோம்பேறிகள்’ என்பதற்கு யாரால் என்ன பதில் சொல்ல முடியும்?

நவம்பர் 16

ஜிடிஏ 6 பற்றியே பேசச் சொல்கிறார்கள். 2022 செப்டம்பரில் அதன் உருவாக்க நிலையிலுள்ள 90 வீடியோ துண்டுகள் திருடப்பட்டு வெளியாயின. சுவர்களில் மேற்பூச்சு இல்லை, திரையில் எண்களும் எழுத்துகளும் ஓடிக்கொண்டிருந்தன. இத்தனை ஆண்டு வேலை செய்து கிராபிக்ஸ் இவ்வளவுதானா என்று பலர் ஏளனம் செய்தார்கள். ஒரு கேமில் முதலில் முடிவது கிராபிக்ஸ்தான் என்று அடித்துச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

அப்போது நடந்தது எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு. மற்ற நிறுவனங்களின் டெவலப்பர்கள், பாராட்டுப் பெற்ற தங்கள் கேம்களின் ஆரம்பகால வீடியோக்களைத் தாங்களாகவே வெளியிட்டார்கள். கன்ட்ரோல் கேமில் வெறும் சாம்பல்நிறப் பெட்டிகளுக்கு நடுவே சண்டை நடந்தது. அன்சார்ட்டட் 4இன் புகழ்பெற்ற கார் துரத்தலில் கட்டடங்கள் எல்லாம் வண்ணக் கட்டைகளாக இருந்தன. ராக்ஸ்டாருக்கு ஆதரவாக யாரும் நீண்ட விளக்கம் எழுதத் தேவைப்படவில்லை. ஒரு கேம் எப்படி வளர்கிறது என்பதை ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வாரத்தில்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள். இதை நிறுவனங்கள் திருட்டு நடக்கும் வரை காத்திராமல் வழக்கமாகவே செய்திருந்தால், நம்மிடையே இருக்கும் பாதிக் கசப்பு வந்திருக்காது.

நவம்பர் 19

இன்றிலிருந்து, தேதி மாறாவிட்டால், சரியாக ஓராண்டு. அதை எப்படிக் கழிப்பது என்பதற்கு ஹாலோ நைட் சில்க்சாங் என்ற கேமின் ரசிகர்களைப் பார்க்கச் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டுமே இருக்கும் டீம் செர்ரி, 2019 பிப்ரவரியில் அதை அறிவித்தது. பிறகு நெடுநாள் மௌனம். 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் காட்டப்பட்ட கேம்கள் எல்லாம் 12 மாதத்துக்குள் விளையாடக் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. சில்க்சாங்கும் அதில் இருந்தது. 2023 மே மாதம் இன்னும் வேலை முடியவில்லை என்றார்கள். மறுபடி மௌனம். கடைசியில் இந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று தேதியைச் சொல்லி, செப்டம்பர் 4 அன்று வெளியிட்டுவிட்டார்கள். அந்த நேரத்தில் ஸ்டீம் உள்ளிட்ட இணையக் கடைகள் கூட்டம் தாங்காமல் தடுமாறின.

இந்த ஆறரை ஆண்டில் கசப்பு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சியிலும் நேரலையின் அரட்டைப் பகுதி முழுவதும் ‘சில்க்சாங் எங்கே’ என்று நிரப்பி, அன்று தங்கள் கேமைக் காட்ட வந்த சிறு படைப்பாளிகளின் தருணத்தைப் பறித்தவர்களும் உண்டு. அதை நான் ரசித்ததில்லை. ஆனால் ஒரு யூடியூபர் நாள்தோறும் சில்க்சாங் செய்தி என்று ஒரு சேனலே நடத்தி, செய்தி இல்லாத நாளில் செய்தி இல்லை என்றே அறிவித்துக்கொண்டிருந்தார். எல்டன் ரிங் ரசிகர்களும், 2019 ஜூனில் வந்த ஒரே டிரெய்லருக்குப் பிறகு ஈராண்டு எதுவும் தெரியாமல், தாங்களே இல்லாத அரக்கர்களையும் இல்லாத கதைகளையும் உருவாக்கி, அவற்றைப் பற்றி மெய்போலவே விவாதித்துக்கொண்டிருந்தார்கள். காத்திருப்பைச் சேர்ந்து விளையாடும் இன்னொரு விளையாட்டாக ஆக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

நிறுவனத்தின் மௌனம் மட்டுமே மனக்கசப்பை உண்டாக்குவதில்லை என்று இதிலிருந்து நினைக்கிறேன். தேதி சொல்லாமல் இருந்ததை ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள்; ‘12 மாதம்’ என்று சொல்லி அது பொய்த்ததைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

நவம்பர் 23

நோ மேன்ஸ் ஸ்கை பற்றி எழுதாமல் இந்த இழை முழுமையாகாது என்ற குறை சரியானது. ஹலோ கேம்ஸ் என்ற சிறு குழு 2013 டிசம்பரில் அந்தக் கேமைக் காட்டியபோது, ஒரு கிரகத்திலிருந்து கப்பலில் ஏறித் தடையின்றி விண்வெளிக்குப் போகும் அந்தக் காட்சி எல்லோரையும் கட்டிப்போட்டது. அதன் பிறகு ஒவ்வொருவரும் தன் ஆசைக்கேற்ற ஒரு பிரபஞ்சத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டார்கள். மற்ற வீரர்களைச் சந்திக்க முடியுமா என்று கேட்டபோதெல்லாம், முடியும், ஆனால் மிக அரிது என்ற வகையில் பதில் வந்தது. 2016 மே மாதம், ஜூன் வெளியீடு ஆகஸ்டுக்குத் தள்ளிப்போகிறது என்ற செய்தியை வெளியிட்ட பத்திரிகையாளருக்குக் கொலை மிரட்டல் வந்தது. அது உண்மைதான் என்று உறுதிசெய்த, ஹலோ கேம்ஸின் தலைவர் ஷான் முர்ரேவுக்கும் வந்தது. கேம் வெளியான உடனேயே இருவர் ஒரே கிரகத்தின் ஒரே இடத்தில் வந்து நின்றும் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை.

மிரட்டியவர்களை மன்னிக்க முடியாது. ஆனால் தெளிவாக ‘இல்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்ட பொறுப்பும் சிறியதன்று. அதன் பிறகு அந்தக் குழு பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. 2018 ஜூலையில் வந்த நெக்ஸ்ட் அப்டேட்டில் வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சேர்ந்து விளையாட முடிந்தது. இன்றுவரை அப்டேட்கள் இலவசமாக வந்துகொண்டிருக்கின்றன. அதை இப்போது விளையாடும் நண்பர் ஒருவருக்கு 2016இல் நடந்த எதுவும் தெரியாது. நான் சொன்னபோது நம்ப மறுத்தார்.

நவம்பர் 24

யூடியூபில் ஒரு டிரெய்லர் வாங்கிய டிஸ்லைக் எண்ணிக்கையைக் காட்டி ‘இந்தக் கேம் தோற்றுவிடும்’ என்று கணிப்பவர்களுக்குச் சுருக்கமாக: 2016 மே மாதம் வந்த கால் ஆஃப் டியூட்டி இன்ஃபினிட் வார்ஃபேர் டிரெய்லர் 30 லட்சத்துக்கும் மேல் டிஸ்லைக் வாங்கியது. அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் விற்ற கேம் அதுதான்.

டிசம்பர் 6

மெட்ராய்டு பிரைம் 4 நேற்று முன்தினம் வந்துவிட்டது. நிண்டெண்டோ 2017 ஜூனில் அறிவித்து, 2019 ஜனவரியில் அதுவரை செய்ததைக் கைவிட்டு ரெட்ரோ ஸ்டூடியோஸிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கக் கொடுத்த கேம் இது. நிண்டெண்டோ அந்த முடிவை ஒரு வீடியோவில் வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டது. அன்று ரசிகர்கள் பெரும்பாலும் அதை வரவேற்றார்கள் என்பதை, உண்மையைச் சொன்னால் வசைதான் மிஞ்சும் என்று அஞ்சும் நிறுவனங்கள் கவனிக்க வேண்டும்.

சென்ற மாதம் முன்னோட்டக் கட்டுரைகள் வந்தபோது, தொடக்கப் பகுதியில் நாயகிக்குத் துணையாக வரும் ஒரு கதாபாத்திரம் ஓயாமல் பேசுவதாகவும், தனிமைதான் உயிர்நாடியான ஒரு தொடரை இது கெடுத்துவிடும் என்றும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. இந்த இழையிலும் இருவர் அதையே எழுதினார்கள். இப்போது சில மணி நேரம் விளையாடியிருக்கிறேன். அவர் பேசுவது உண்மை, எனக்கும் இடைஞ்சலாகவே இருக்கிறது. ஆனால் தொடக்கப் பகுதியைத் தாண்டியதும் பெரும்பாலான நேரம் தனியாகத்தான் அலைகிறோம், அப்போது அந்தப் பழைய அமைதி திரும்பிவிடுகிறது. முன்னோட்டத்தைப் பார்த்துக் குறை சொன்னவர்கள் தாங்கள் கண்டதைச் சரியாகவே சொன்னார்கள். அதை வைத்து முழுக் கேமையும் எடைபோட்டதில்தான் அளவு பிசகியது. பாலைவனப் பகுதி வெறிச்சோடிக் கிடக்கிறது என்பதை வெளியீட்டுக்கு முன் யாரும் இவ்வளவு பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

இதற்கு மேல் எழுதினால் கதை வெளியாகிவிடும். முடித்தவர்களுக்காகத் தனி இழை தொடங்குகிறேன். முடிக்காதவர்கள் இருப்பதால் முடிவைப் பற்றி இங்கே யாரும் எழுத வேண்டாம்.